மனச்சிதைவு நோய்க்கான குழு உளச்சிகிச்சை

மனச்சிதைவு நோய்க்கான குழு உளச்சிகிச்சை என்பது, மனச்சிதைவு நோயுடன் வாழும் பலர், பயிற்சி பெற்ற நெறியாளர் ஒருவரின் துணையுடன் குறித்த கால இடைவெளியில் ஒன்றாக அமர்ந்து, தமது நோய், மருந்து, குடும்பம், வேலை, அன்றாட வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றி உரையாடும் சிகிச்சை முறை ஆகும். இது பேச்சு வழிச் சிகிச்சைகளில் ஒரு வகை. மருந்துக்கு மாற்றாக அன்றி, மருந்துடன் சேர்த்தே இது அளிக்கப்படுகின்றது. நோயாளிகளின் குடும்பத்தினருக்காக நடத்தப்படும் குழுக்களும், நோயாளிகள் தாமே நடத்தும் தன்னுதவிக் குழுக்களும் இதனோடு நெருங்கிய தொடர்புடையவை.

பின்னணி

மனச்சிதைவு என்பது சிந்தனை, புலனுணர்வு, உணர்ச்சி, செயலூக்கம் ஆகியவற்றைப் பாதிக்கும் நீண்டகால மனநோய் ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் இந்நோயுடன் வாழ்கின்றார். பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் இது தொடங்குகின்றது. இந்நோய் இரட்டை ஆளுமை அன்று. 2005 இல் வெளிவந்த அந்நியன் போன்ற திரைப்படங்களில் காட்டப்படும் பல ஆளுமை நிலை இதிலிருந்து வேறுபட்டது.

இந்நோயின் அறிகுறிகளை மருத்துவர்கள் இரு பிரிவுகளாகக் காண்பர்.

* நேர்மறை அறிகுறிகள்: பிறருக்குக் கேட்காத குரல்களைக் கேட்டல், பிறர் தமக்குத் தீங்கு செய்யச் சதி செய்வதாக உறுதியாக நம்புதல், கோர்வையற்ற பேச்சு முதலியன.
* எதிர்மறை அறிகுறிகள்: பேச்சுக் குறைதல், ஆர்வம் இழத்தல், முகத்தில் உணர்ச்சி மங்குதல், தனித்திருத்தல், தன்னைப் பேணாதிருத்தல் முதலியன.

இங்கு நேர்மறை என்பது நன்மை என்ற பொருளில் வழங்கப்படவில்லை. இயல்பான மனநிலையில் இல்லாத ஒன்று கூடுதலாகத் தோன்றுவதை நேர்மறை என்றும், இருந்த ஒன்று குறைவதை எதிர்மறை என்றும் கூறுவர்.

மனநோய் எதிர்ப்பு மருந்துகள் முதல் பிரிவு அறிகுறிகளையே பெரிதும் குறைக்கின்றன. குரல்கள் அடங்கிய பின்னரும் ஒருவர் மாதக்கணக்கில் வீட்டின் ஒரு மூலையில் பேசாமல் அமர்ந்திருக்கக்கூடும். வீட்டார் இதனைச் சோம்பல் என்று எண்ணுவதுண்டு. மருந்து எட்டாத இப்பகுதியே குழு உளச்சிகிச்சையின் முதன்மையான களம் ஆகும்.

வரலாறு

நோயாளிகளைக் குழுவாக அமர்த்திச் சிகிச்சை அளிக்கும் வழக்கம் மனநோயில் தொடங்கியது அன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1905 இல் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர் காசநோயாளிகளுக்காக வகுப்புகள் நடத்தினார். சில ஆண்டுகளின் பின், வாசிங்டனில் உள்ள புனித எலிசபெத் மருத்துவமனையில் எட்வர்ட் லாசெல், மனச்சிதைவு நோயாளிகளைக் குழுவாக அமர்த்தி விரிவுரைகள் நிகழ்த்தினார். இது குறித்து அவர் எழுதிய கட்டுரை 1921 இல் வெளியானது. 'குழு உளச்சிகிச்சை' என்னும் சொல்லாட்சியை 1930களின் தொடக்கத்தில் ஜேக்கப் மொரேனோ பரப்பினார்.

இரண்டாம் உலகப் போரின்போது உளவியல் பாதிப்புற்ற வீரர்கள் பெருகியதாலும், மருத்துவர்கள் குறைவாக இருந்ததாலும் இங்கிலாந்தில் குழு முறை விரைந்து வளர்ந்தது. பியோன், ஃபோக்ஸ் ஆகியோர் இக்காலத்தில் குறிப்பிடத்தக்கவர்கள். 1952 இல் குளோர்ப்ரோமசின் மனநோய்க்குப் பயன்படுத்தப்பட்டதன் பின்னர், பூட்டிய விடுதிகளில் இருந்த பலர் உரையாடும் நிலையை அடைந்தனர். இவ்வகையில் மருந்தின் வரவு பேச்சு வழிச் சிகிச்சைக்கு வழி திறந்தது எனலாம்.

இர்வின் யாலோம் 1970 இல் வெளியிட்ட நூல் குழு உளச்சிகிச்சையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகின்றது. "எனக்கு மட்டும் இந்த நிலை இல்லை" என்று உணர்தல், நம்பிக்கை பெறுதல், பிறருக்கு உதவுவதால் தன்மதிப்பு உயர்தல் முதலியவை குழுவில் குணம் தரும் காரணிகள் என அவர் வகுத்தார். மருத்துவமனை விடுதிகளில் உறுப்பினர்கள் அடிக்கடி மாறுவதால், அங்கே ஒவ்வொரு அமர்வும் தன்னளவில் முழுமை பெற வேண்டும் என்று 1983 இல் வெளிவந்த மற்றொரு நூலில் அவர் வலியுறுத்தினார்.

நோயாளிகளின் முன்னெடுப்பில் தோன்றிய இயக்கங்களும் உண்டு. நெதர்லாந்தில் உளமருத்துவர் மாரியசு ரோம், குரல் கேட்கும் அனுபவம் உடைய பாட்சி ஹேக், இதழாளர் சாண்ட்ரா எசர் ஆகியோரின் முயற்சியால் 1987 இல் குரல் கேட்போரின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. இதிலிருந்து 'குரல் கேட்போர் இயக்கம்' பல நாடுகளுக்குப் பரவியது. சப்பானின் ஒக்கைடோ தீவில் உராகவா என்னும் சிற்றூரில் 1984 இல் தொடங்கப்பட்ட பெத்தேல் இல்லத்தில், நோயுடையோர் தமது குரல்களையும் ஐயங்களையும் பற்றித் தாமே கூடி ஆராயும் வழக்கம் வளர்ந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் மனநலக் குழுச் சிகிச்சை பெரும்பாலும் குடும்பத்தை மையமாகக் கொண்டே வளர்ந்தது. 1950களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்து, சிகிச்சையில் பங்குபெற வைத்தார். நோயாளியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுச் செல்லும் வழக்கத்தை இது மாற்றியது.

தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 இல் பாகாயத்தில் தொடங்கப்பட்டது. இங்கு நோயாளியுடன் குடும்பத்தினர் ஒருவர் தங்குவது சிகிச்சையின் பகுதியாக அமைந்தது.

குடும்பத்தின் பங்கு முதன்மையானது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. இலண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவரது உடன் ஆய்வாளர்களும், வீட்டார் ஓயாது குறைகூறும் அல்லது மிகையாகத் தலையிடும் குடும்பங்களுக்குத் திரும்பிய நோயாளிகளுக்கு நோய் மீண்டும் முற்றுவது அதிகம் எனக் கண்டனர். சண்டிகரில் நடத்தப்பட்டு 1987 இல் வெளியான ஆய்வுகள், அங்குள்ள குடும்பங்களில் இத்தகைய போக்கு இலண்டனைவிடக் குறைவாக இருந்ததைக் காட்டின. இக்காரணங்களால் குடும்பத்தினருக்கான குழுக்களில், நோயை விளக்குவதோடு, வீட்டில் எவ்வாறு பேசுவது என்பதும் கற்பிக்கப்படுகின்றது.

தமிழ்நாட்டில்

சென்னையில் 1794 இல் தொடங்கப்பட்ட மனநோயாளர் இல்லத்தின் தொடர்ச்சியே கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம் ஆகும். இதன் கண்காணிப்பாளராக 1961 முதல் பல ஆண்டுகள் பணியாற்றிய மருத்துவர் மா. சாரதா மேனன் (1923–2021) இந்தியாவின் முதல் பெண் உளமருத்துவராக அறியப்படுகின்றார். ஓய்வு பெற்ற பின் 1984 இல் அவர் 'ஸ்கார்ஃப்' எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். 1992 இல் அவருக்குப் பத்மபூசண் விருது வழங்கப்பட்டது. ஆய்வு, சிகிச்சை ஆகியவற்றுடன் பகல்நேர மறுவாழ்வு, தொழிற்பயிற்சி, குடும்பத்தினருக்கான கல்வி ஆகியவையும் இந்நிறுவனத்தின் பணிகளாகும்.

சென்னையில் 1993 இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகியோர் தொடங்கிய 'தி பேனியன்', மனநோயுடன் வீதியில் வாழ நேர்ந்த பெண்களுக்கு அடைக்கலமும் சிகிச்சையும் அளித்து வந்துள்ளது. மதுரையில் 1992 இல் மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் நிறுவிய எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை தென் மாவட்டங்களில் மனநல மறுவாழ்வுப் பணிகளில் ஈடுபட்டுள்ளது.

இவ்வகைப் பகல்நேர மையங்களில் குழு உரையாடல் தனியாக நில்லாது, தையல், சமையல், தோட்டவேலை, விளையாட்டு போன்றவற்றுடன் இணைந்தே நடைபெறுவது வழக்கம். வட்டமாக அமர்ந்து பேசத் தயங்கும் ஒருவர், கை வேலையில் இருக்கும்போது அருகில் இருப்பவரிடம் இயல்பாகப் பேசத் தொடங்குவதுண்டு.

ஏர்வாடி தீ விபத்தும் சட்டங்களும்

2001 ஆகத்து 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். இந்நிகழ்வின் பின் இசைவு பெறாத காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் இதனைத் தானே வழக்காக எடுத்துக்கொண்டது. மனநலச் சிகிச்சையை மக்களின் ஊர்களுக்கு அருகே கொண்டுசெல்ல வேண்டும் என்னும் கோரிக்கையும் வலுப்பெற்றது.

2018 இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கின்றது. சமூகத்தில் ஒருவராக வாழும் உரிமையையும், சமூகம் சார்ந்த மறுவாழ்வுச் சேவைகளையும் அது வலியுறுத்துகின்றது. ஆயினும் சங்கிலியை அகற்றுவதனால் மட்டும் ஒருவர் சமூகத்துக்குத் திரும்பிவிடுவதில்லை. அவர் பேசுவதற்கும், அவர் பேச்சைக் கேட்பதற்கும் ஆட்கள் வேண்டும். குழு உளச்சிகிச்சையின் தேவை இங்கேயே எழுகின்றது.

நடைமுறை

மனச்சிதைவு நோய்க்கான குழுக்கள் பிற உளச்சிகிச்சைக் குழுக்களிலிருந்து சில வகைகளில் வேறுபடுகின்றன.

* அளவு: பொதுவாக 5 முதல் 10 பேர் வரை.
* நேரம்: 45 நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை. கவனம் சிதறுவது நோயின் இயல்பாதலால் நீண்ட அமர்வுகள் தவிர்க்கப்படுகின்றன.
* இடைவெளி: பெரும்பாலும் வாரம் ஒருமுறை. மருத்துவமனை விடுதிகளில் அடிக்கடியும் நடைபெறும்.
* நெறியாளர்: உளவியலாளர், மனநலச் சமூகப்பணியாளர், மனநலச் செவிலியர், உளமருத்துவர் ஆகியோரில் ஒருவர் அல்லது இருவர்.
* விதிகள்: குழுவில் பேசியதை வெளியே பேசக்கூடாது, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது, பேச விரும்பாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம், அமைதியின்மை மிகுந்தால் எழுந்து சென்று திரும்பி வரலாம்.

அமர்வு பெரும்பாலும் எளிய கேள்வி ஒன்றுடன் தொடங்கும். பின்னர் அன்றைய பொருள் எடுத்துக்கொள்ளப்படும். நெறியாளர் நீண்ட நேரம் மௌனமாக இருப்பதில்லை. உளப்பகுப்பாய்வுக் குழுக்களில் பயன்படும் அத்தகைய மௌனம், மனச்சிதைவு உடையவருக்கு அச்சத்தையும் ஐயத்தையும் தூண்டக்கூடும். முடிவில் பேசியவை சுருக்கிக் கூறப்படும்.

ஒருவர் தமது பிறழ்நம்பிக்கையை வெளியிடும்போது, அது பொய் என்று வாதிடுவதும், உண்மை என்று ஆமோதிப்பதும் தவிர்க்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, அண்டை வீட்டார் தமக்குச் செய்வினை வைத்துள்ளனர் என்று ஒருவர் கூறினால், "அப்படித் தோன்றும்போது உங்களுக்கு எவ்வாறு இருக்கிறது? அப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று நெறியாளர் கேட்பார். அதே அனுபவம் உடைய மற்றொருவர், தாமும் ஒருகாலத்தில் அவ்வாறு நம்பியதாகவும், பின்னர் அதனைச் சரிபார்க்கக் கற்றதாகவும் கூறுவது, மருத்துவர் கூறுவதைவிட எளிதில் ஏற்கப்படலாம்.

குழுக்களில் பேசப்படும் பொருள்கள்

* குரல்களைச் சமாளித்தல்: மெல்ல முணுமுணுத்தல், உரக்கப் படித்தல், காதில் பாட்டுக் கேட்டல், அருகில் உள்ளவரிடம் பேச்சுக் கொடுத்தல் போன்ற வழிகளைப் பகிர்தல்.
* மருந்து: தூக்கக் கலக்கம், கை நடுக்கம், உடல் எடை கூடுதல் ஆகிய பக்க விளைவுகள், அவற்றை மருத்துவரிடம் எடுத்துக் கூறும் முறை, "குணமாகிவிட்டது" என எண்ணி மருந்தை நிறுத்துவதன் விளைவு.
* முன்னறிகுறிகள்: நோய் மீண்டும் முற்றுவதற்கு முன் தோன்றும் தூக்கமின்மை, எரிச்சல், ஐயம் ஆகியவற்றை அறிதல்.
* வேலை: முதலாளியிடம் நோயைச் சொல்வதா என்பது; இடையில் விட்ட படிப்பைத் தொடர்தல்.
* திருமணம்: தமிழ்ச் சூழலில் இது தவறாது எழும் பொருள். நோயை மறைத்துத் திருமணம் செய்வதும், பின்னர் மருந்தை மறைவாக உட்கொள்ள நேர்வதும், மருந்து நின்று நோய் முற்றுவதும் பலருக்கு நேரும் துன்பங்கள். கணவனால் கைவிடப்பட்ட பெண்களின் நிலை குறித்து ஸ்கார்ஃப் நிறுவனத்தினர் 2003 இல் ஆய்வு வெளியிட்டுள்ளனர்.
* இழிவு: "பைத்தியம்" என அழைக்கப்படுதல், உறவினர் நிகழ்ச்சிகளுக்கு அழைக்கப்படாதிருத்தல்.

வகைகள்

* ஆதரவுக் குழு: அன்றாடச் சிக்கல்களைப் பகிர்ந்து ஒருவருக்கொருவர் துணை நிற்பது.
* உளக்கல்விக் குழு: நோய், மருந்து பற்றிய தகவல்களைப் பாடமாக அளிப்பது.
* அறிதல்-நடத்தைக் குழு: குரல்கள், ஐயங்கள் குறித்த எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கப் பழக்குவது.
* சமூகத்திறன் பயிற்சிக் குழு: கடையில் பொருள் கேட்டல், நேர்காணலில் பேசுதல் முதலியவற்றை நடித்துப் பழகுவது.
* பலகுடும்பக் குழு: பல நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் சேர்ந்து அமர்வது. அமெரிக்காவில் வில்லியம் மெக்பார்லேன் இதனை விரிவாக வளர்த்தார்.
* தன்னுதவிக் குழு: மருத்துவத் துறையினரின் தலைமை இன்றி, நோயுடையோர் அல்லது குடும்பத்தினர் நடத்துவது.

சிறுநகரங்களிலும் ஊரகப் பகுதிகளிலும்

மேற்கூறிய நிறுவனங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில் அமைந்தவை. ஊரகப் பகுதிகளில் இச்சிகிச்சையை நடத்துவதில் தனிச் சிக்கல்கள் உள்ளன. திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வட்டத் தலைநகரான இவ்வூர் பூச்சந்தைக்குப் பெயர் பெற்றது. சுற்றியுள்ள சிற்றூர்களில் மல்லிகை முதலிய பூக்கள் பயிரிடப்படுகின்றன. மல்லிகை மொட்டுகள் விரிவதற்கு முன், அதிகாலையில் பறிக்கப்பட்டுச் சந்தைக்கு வந்து சேர வேண்டும்.

இத்தகைய ஊரில் முற்பகலில் நடைபெறும் குழுவுக்கு நோயாளியை அழைத்துவர வீட்டில் ஆள் கிடைப்பது அரிது. இரவு மருந்தின் கலக்கத்தால் விடியுமுன் எழ இயலாத ஒருவர், பூப்பறிக்கும் கூலியை இழக்கின்றார். அல்லது கூலிக்காக மருந்தை விடுகின்றார். இது மருந்துச்சீட்டில் இடம்பெறாத சிக்கல். மருந்து உண்ணும் நேரத்தை மாற்றலாமா என மருத்துவரிடம் கேட்கலாம் என்பதை, அதே வேலை செய்யும் மற்றொரு நோயாளியிடமிருந்து குழுவில் அறிய முடியும்.

மறைபொருள் காத்தலும் சிற்றூர்களில் கடினம். ஒரே ஊரினர், ஒரே உறவுமுறையினர் ஒரு குழுவில் அமர நேரலாம். வீட்டில் திருமணமாகாத உடன்பிறந்தார் இருப்பின், குழுவுக்குச் செல்வது வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சம் மிகும். ஆதலால் குழுவை மருத்துவமனையின் பொதுப் புறநோயாளர் பகுதியிலோ, வேறு பயிற்சி வகுப்புகள் நடைபெறும் இடத்திலோ அமைப்பது பொருத்தமாகலாம்.

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிப் பின்னர் பிற மாவட்டங்களுக்கு விரிந்தது. இத்திட்டத்தில் உளமருத்துவர்கள் வட்ட அளவிலான மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் சென்று மருந்து வழங்குகின்றனர். ஒரே நாளில் பலரைப் பார்க்க வேண்டியிருப்பதால், ஒவ்வொருவருடனும் பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்நாளில் காத்திருப்போரையே குழுவாக அமர்த்தி உரையாடச் செய்வது, கூடுதல் பயணச் செலவு இன்றி இச்சிகிச்சையைத் தொடங்க உகந்த வழியாகும். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 முதல் பேருந்து ஒன்றின் வழியாகத் தொலை மனநலச் சேவை அளித்தது. 2022 அக்டோபர் 10 அன்று இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானசு' சேவையை 14416 என்னும் எண்ணில் தமிழிலும் அணுகலாம்.

ஆய்வு முடிவுகள்

குழு உளச்சிகிச்சையின் பயன் உண்மையானது, ஆயினும் அளவானது.

* இங்கிலாந்தில் டில் வைக்ஸ் குழுவினர் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், குரல் கேட்போருக்கான அறிதல்-நடத்தைக் குழுவினால் சமூக வாழ்க்கை மேம்பட்டது. குரல்களின் கடுமை பொதுவாகக் குறையவில்லை. அனுபவம் மிகுந்த நெறியாளர்கள் நடத்திய குழுக்களில் மட்டும் அதுவும் குறைந்தது.
* 2015 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல்வேறு வகைக் குழுச் சிகிச்சைகள் எதிர்மறை அறிகுறிகளிலும் சமூகச் செயற்பாட்டிலும் முன்னேற்றம் தருவதாகக் கண்டது. இம்முன்னேற்றம் குறிப்பிட்ட ஒரு முறைக்கு உரியதாக அன்றி, குழுவாகக் கூடுவதன் பொதுப் பயனாகத் தோன்றியது.
* குழு ஓவியச் சிகிச்சை குறித்து 417 பேரிடம் நடத்தப்பட்டு 2012 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. அழைக்கப்பட்டவர்களில் பலர் அமர்வுகளுக்கு வரவில்லை.
* தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் பகுதி, கோவா, மகாராட்டிரத்தின் சாத்தாரா ஆகிய இடங்களில் 282 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014 இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் மருத்துவர்களின் மேற்பார்வையில் வீடுகளுக்குச் சென்று ஆதரவளித்தனர். இதனால் அறிகுறிகளும் இயலாமையும் ஓரளவு குறைந்தன. தமிழ்நாட்டுப் பகுதியில் பயன் கூடுதலாக இருந்தது. இது குழுச் சிகிச்சை ஆய்வு அன்று. ஆயினும், உளமருத்துவர் இல்லாத ஊர்களில் உள்ளூரிலேயே ஆட்களைப் பயிற்றுவித்துச் சமூக ஆதரவு அளிக்க முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

* நோய் முற்றிய நிலையில், கடும் ஐயமும் கிளர்ச்சியும் உள்ளவரைக் குழுவில் சேர்ப்பது அவருக்கும் பிறருக்கும் தீங்காகலாம். மருந்தினால் ஓரளவு அமைதி பெற்ற பின்னரே சேர்ப்பது வழக்கம்.
* சிறுவயது நினைவுகளைக் கிளறுதல், கடுமையாகக் கேள்வி கேட்டல், குழுவில் ஒருவரைக் குற்றம் சாட்டுதல் ஆகியவை நோயை மிகுவிக்கக்கூடும்.
* குழுவில் சேர்ந்ததால் மருந்தை நிறுத்துவது நோய் மீண்டும் முற்ற வழிவகுக்கும். மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவரின் ஆலோசனையுடன் மட்டுமே செய்யத்தக்கது.
* தற்கொலை எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால், குழுவில் பேசியதை வெளியே பேசக்கூடாது என்னும் விதி அங்கே பொருந்தாது. நெறியாளர் உடனடியாக மருத்துவருக்கும் குடும்பத்தினருக்கும் தெரிவித்தல் வேண்டும். இதனை முதல் அமர்விலேயே அனைவருக்கும் விளக்கிவிடுவது முறை.
* எல்லோருக்கும் குழு பொருந்துவதில்லை. பலர் நடுவே அமர்வதையே தாங்க இயலாதவர்களுக்குத் தனி உரையாடல் ஏற்றது.

இவற்றையும் பார்க்க

* மனச்சிதைவு நோய்
* மனநோய் எதிர்ப்பு மருந்து
* சாரதா மேனன்
* ஏர்வாடி தீ விபத்து
* மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017
* தன்னுதவிக் குழு